தர்மச் சொத்தின் முதலும் தர்மம் செய்யட்டும்

ஒரு தர்ம நிதியத்திடம் நூறு ரூபாய் இருக்கிறது. ஆண்டுதோறும் ஐந்து ரூபாயை ஏழைகளுக்குக் கொடுக்கிறது. மிகுதித் தொண்ணூற்றைந்து ரூபாய் எங்கே, என்ன செய்துகொண்டிருக்கிறது? வியாபாரிகளாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதத்தைத் தர்மத்துக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். மிகுதி சந்தையில் முதலிடப்படும். நோயாளிக்கு உதவும் நிதியம் சிகரெட் கம்பனியில் பங்கு வைத்திருக்கவும் கூடும். 2017இல் போர்ட் அறக்கட்டளை ஒரு மாற்றத்தை அறிவித்தது. தனது 1,200 கோடி டொலர் சொத்தில் 100 கோடி டொலர் வரை, பத்தாண்டுகளில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீடமைப்பு, வளரும் நாடுகளில் ஏழைகளுக்கான நிதிச் சேவை போன்றவற்றில் முதலிடுவதாகக் கூறியது. இலாபமும் வர வேண்டும், எளியவருக்கும் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

நமக்கு இது புதிதல்ல. உமர் (ரழி) அவர்கள் கைபர் நிலத்தை விற்கவோ வாரிசுக்குப் போகவோ முடியாதபடி வக்ப் செய்து, அதன் பலனை ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் விட்டார்கள். பராமரிப்பவர் அதிலிருந்து நியாயமாக உண்ணலாம் என்றும் நிபந்தனை வைத்தார்கள். முதல் அழியாது, பலன் ஓடும். இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் வக்ப் சொத்துகளை நிருவகிக்க வழி செய்கிறது.

ருவான்வெல்லையில் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இறப்பர் விலை விழுந்தால் பால் வெட்டுபவரின் வீட்டிலும் நமது கடன் கொப்பியிலும் ஒரே வாரத்தில் தெரியும். இத்தகைய ஊரில் தர்மச் சொத்தின் கடையறைகள் யாருக்கு, எவ்வளவுக்குப் போகின்றன என்பது சின்ன விடயமல்ல.

முப்பதாயிரம் பெறுமதியான கடையறையை வசதியுள்ளவர் ஐந்தாயிரத்துக்கு வைத்திருந்தால், ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் அநாதைகளின் கையிலிருந்து போகிறது. அது சலுகையல்ல, இழப்பு. மறுபுறம், எல்லா அறைகளையும் கூடிய விலை கேட்பவருக்கே கொடுத்தால், தையல் இயந்திரத்தோடு தொழில் தொடங்க நினைக்கும் விதவைத் தாய் அந்த வீதிக்குள் வரவே முடியாது.

நடுவழி உண்டு. ஆறு அறைகள் இருந்தால் ஐந்தைச் சந்தை வாடகைக்கு விடுங்கள். ஆறாவதைப் புதிதாகத் தொழில் தொடங்கும் ஏழைக்கு இரண்டு ஆண்டுக்குக் குறைந்த வாடகையில் கொடுங்கள். பின்னர் படிப்படியாக உயர்த்துங்கள். எழுத்தில் உடன்படிக்கை, முடிவுத் திகதி, கணக்குப் பரிசோதனை மூன்றும் கட்டாயம். நம்பிக்கையாளரின் உறவினருக்கு அந்த அறை கிடையாது. வக்ப் சபையின் அனுமதி தேவையா என்பதையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

வருடாந்தக் கூட்டத்தில் எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கு வாசிக்கப்படும். இம்முறை, மிகுதி எங்கே இருக்கிறது, யாருக்குப் பயன்படுகிறது என்ற கணக்கையும் கேளுங்கள்.