ஆட்டக் குழுவினின்றும் ஒருவரை விலக்குதல்

கூத்தென்றவுடன் பழைய மாணவர்க்குக் களரியும் மத்தளமும் அண்ணாவியாரும் நினைவுக்கு வருதல் இயல்பு. இக்காலத்து இளைஞர் மற்றுமொரு வகைக் கூத்தை அறிவர். அதற்குக் களரியில்லை, ஒப்பனையில்லை, முன்னரே எழுதிவைத்த ஏடும் இல்லை. பல ஊர்களிலிருப்போர் இணையத்தின் வழியே ஒன்றுகூடி, ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு, அதன் சொல்லையும் செயலையும் தாமே எழுதிக் கதையை நடத்திச் செல்வர். மேசையைச் சுற்றியிருந்து ஆடும் இத்தகைய ஆட்டத்துக்கு வழிகாட்டியாயமைந்தது, அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதாகும். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் சர்வகலாசாலையில் ரோய் துரப்ஷோ என்ற மாணவர் ‘மட்’ என்னும் ஆட்டத்தை இயற்றத் தொடங்கினார். ரிச்சட் பார்ட்டில் அதனை வளர்த்தார். பலர் ஒரே வேளையிற் கணினி வழியே புகுந்து ஆடும் எழுத்துலகம் அவ்வாறு தோன்றியது.

இத்தகைய குழுவில் ஒத்துவராத ஒருவரை என்செய்வது? கூத்திலே ஒருவன் வராவிடின் அண்ணாவியார் அவ்வேடத்தை வேறொருவனுக்குக் கொடுப்பார். ஏடு அப்படியே இருக்கும். இங்கோ ஆடுபவனே தன் பகுதியின் ஆசிரியனுமாவான். அவனை விலக்குங்கால் கதையின் ஓர் இழையும் உடன் அறுகின்றது. மேலும், குழுவின் திறவுகோலை வைத்திருப்பவர் ஒரு விசையைத் தட்டியவுடன் காரியம் முடிந்துவிடும். விலக்கப்பட்டவன் முகத்தை எவரும் காண்பதில்லை. இத்துணை எளிதாயிருப்பதனாலேயே இங்கே முறைமை மிகுதியும் வேண்டப்படுகின்றது.

இதனை விளக்க மெய்யாக நடந்த நிகழ்ச்சியொன்று உண்டு. கலிபோர்ணியாவிலுள்ள சீரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த பாவெல் கேர்ட்டிஸ் என்பவர் 1990இல் ‘லம்டாமூ’ என்றோர் எழுத்துலகை அமைத்தார். அதனை நிருவகிப்போர் மந்திரவாதிகள் எனப்பட்டனர். ஒருவரை அடியோடு நீக்குவதற்குத் ‘தேரையாக்குதல்’ என்று பெயர். பூசல்கள் பெருகவே, மந்திரவாதிகள் இனிமேல் இயந்திரக் காரியங்களை மாத்திரமே கவனிப்பர், மக்கட் பிணக்குகளில் தலையிடார் என்று 1992ஆம் ஆண்டின் இறுதியிற் கேர்ட்டிஸ் அறிவித்தார்.

சில மாதங்களில், 1993ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பாத்திரத்தை ஆடியவன் ‘சூனியப் பாவை’ என்றொரு கருவியைப் பயன்படுத்தினான். பிறருடைய பாத்திரங்கள் தாமே செய்வனபோல எதனையும் எழுதிக் காட்டவல்லது அக்கருவி. அதனைக் கொண்டு சிலருடைய பாத்திரங்களை, எல்லோரும் கூடியிருந்த அறையிலே, சொல்லத்தகாத இழிசெயல்களுக்கு உள்ளாக்கினான். எழுத்தேயன்றி உடல் தீண்டப்படவில்லை. ஆயினும் அப்பாத்திரங்களை ஆடியோர் அடைந்த துன்பம் மெய்யானது. ‘வேண்டாதவன் சொல் கேளாதபடி செய்துகொள்ள வழியுண்டே’ என்றனர் சிலர். காதைப் பொத்திக்கொண்டவர் கேளாரேயன்றி, அறையிலிருந்த ஏனையோர் கேட்டுக்கொண்டேயிருப்பர் என்பதை அவர்கள் எண்ணிலர்.

‘லெக்பா’ என்ற பாத்திரத்தை ஆடியவர் பங்கிளைத் தேரையாக்க வேண்டுமெனப் பகிரங்கமாகக் கேட்டார். பலர் ஆதரித்தனர். மூன்று நாட்களின் பின் ஏறக்குறைய முப்பது பேர் கூடி ஆராய்ந்தனர். பங்கிளும் அங்கே வந்தான். நடந்தது வெறும் நிகழ்ச்சித் தொடர் மாத்திரமே, தன் மெய்வாழ்வுக்கு அதனால் யாதொரு விளைவுமில்லை என்ற கருத்துப்படச் சிறிது பேசிப் போயினான். கூட்டம் முடிவொன்றும் செய்யாமற் கலைந்தது. அங்கிருந்த மந்திரவாதியொருவர் பின்னர்த் தனித்திருந்து சிந்தித்து, தாமே பங்கிளை நீக்கிவிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஜூலியன் டிபெல் ‘வில்லேஜ் வொய்ஸ்’ பத்திரிகையில் இதனை எழுதியதன் பின்னரே வெளியுலகம் அறிந்தது.

நீக்கியது தக்கதென்பதே என் கருத்து. நீக்கிய வகையைத் தக்கதென்று சொல்ல என்னால் இயலாது. எவ்விதியின்படி, எவர் தந்த அதிகாரத்தால் என்ற கேள்விக்கு அங்கே விடையிருக்கவில்லை. கேர்ட்டிஸும் இதனை உணர்ந்து, ஆடுவோர் விண்ணப்பஞ் செய்து வாக்கெடுப்பு நடத்தவும், முடிவை மந்திரவாதிகள் நிறைவேற்றவும் வழிசெய்தார். அதுவும் முற்றும் பயன்தரவில்லை. இயந்திரக் காரியத்தையும் மக்கட் காரியத்தையும் பிரித்தல் இயலாதென்று 1996இல் அறிவித்து, மந்திரவாதிகள் மீண்டும் பொறுப்பேற்றனர். பொறுப்பை யாரேனும் வெளிப்படையாக ஏற்றேயாகவேண்டும்.

பங்கிளின் குற்றந்தான் யாது? பிறர் கையிலிருந்த எழுதுகோலைப் பறித்ததே. இவ்வேறுபாட்டை நடத்துநர் நன்கறிதல் வேண்டும். துரியோதனன் வேடம் பூண்டவன் கொடியவனாக ஆடினான் என்று எவரும் அவனைக் கூத்தினின்றும் துரத்துவதில்லை. அவன் திறமையாக ஆடினான் என்றே புகழ்வர். அவ்வாறே, ‘செய்தவன் யானல்லன், என் பாத்திரம்’ என்று தப்பிக்கொள்ள எவனையும் விடலுமாகாது. வேடத்தின் தீமை கதைக்குரியது; ஆடுவோனின் தீமை குழுவுக்குரியது.

பங்கிளைப் போன்றோர் அரியர். நாள்தோறும் நேர்வன சிறியன: வருவதாகச் சொல்லி வாராதிருப்பவர், எல்லாச் சண்டையிலும் தாமே வெல்பவர், பிறர் பாத்திரம் என்ன செய்தது என்பதையும் தாமே எழுதிவிடுபவர். இவர்க்கு முதலிலே தனியாக எழுதுக. ‘பலர் உங்களைப் பற்றி முறையிடுகின்றனர்’ என்பது மிகக் கெட்ட வாக்கியம்; அந்தப் பலர் யாரென்று தெரியாமையால் அவர் எல்லோரையும் ஐயுறுவார். ‘சென்ற வெள்ளிக்கிழமை நடந்த போரில் மற்றவருடைய வீரன் வாளைக் கீழே போட்டான் என்று தாங்களே எழுதிவிட்டீர்கள், அவர் அதற்கு உடன்படவில்லை. தங்கள் எண்ணத்தை அறிய விரும்புகிறேன்’ என்று எழுதினால் மறுமொழி சொல்ல இடமுண்டு. மறுமொழிக்கு நாட்குறித்துக் காத்திருக்கவும் வேண்டும். பிறரை அச்சுறுத்துபவனையும் சிறுவரிடம் தகாதன பேசுபவனையும் மாத்திரம் முதலில் விலக்கிவிட்டுப் பின்னர் விசாரிக்கலாம்.

விலக்குவதே முடிவாயின், அறிவித்தலில் நடத்துநர் தம் பெயரை இடுக. குழுவுக்கு இரண்டு வரி போதும். குற்றப் பட்டியல் வேண்டா. அவர் எழுதிய பகுதிகளை அழிக்குமுன் ஒரு பிரதியை அவரிடம் சேர்ப்பித்தல் கடன், அவை அவருடைய உழைப்பாதலால். சில குழுக்களிலே போனவருடைய பாத்திரத்தைக் கழுதையாக்கியும் சேற்றில் வீழ்த்திக் கொன்றும் நகைக்கின்றனர். அது பழிவாங்குதலேயன்றி விளையாட்டன்று. அப்பாத்திரம் தூரதேசம் சென்றதாகக் கதையை ஒதுக்கிவிடலாம். மீண்டும் வர இடமுண்டாயின் எப்போது, எந்நிபந்தனையோடு என்பதையும் அப்போதே எழுதிவைத்தல் நன்று. பங்கிளுக்கு அவ்வாறு ஒன்றும் சொல்லப்படவில்லை. சில நாட்களில் அவன் வேறொரு பெயர் பூண்டு அவ்வுலகிற் புகுந்தான். பலரும் அவனை அடையாளங் கண்டுகொண்டனர்.