கொப்புளம் உதட்டில், கவனம் கையில்!

மூணாறு, பீருமேடு தோட்ட லயங்களிலும், பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கமும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். உடம்பில் கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பினால் நம்மவர் வாயில் முதலில் வரும் பெயர் அக்கி. குயவரிடம் போய்க் காவிமண்ணால் அக்கி எழுதிக்கொள்வது தமிழ் ஊர்களின் பழைய வழக்கம்.

எல்லாக் கொப்புளமும் ஒன்றல்ல. மார்பிலோ இடுப்பிலோ ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிவது, எப்போதோ வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் தங்கியிருந்து மறுபடி கிளம்புவது. தொட்ட கை அதை உடம்பின் வேறிடத்துக்குக் கொண்டுபோவதில்லை. உதட்டோரத்திலோ பிறப்புறுப்பிலோ வரும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் அப்படியல்ல. அது கைவழியே இடம் மாறும். முதல்முறை வரும்போது எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்காது. ஆபத்து அப்போதுதான் அதிகம்.

கொழுந்து கிள்ளும் விரல்களில் கீறல் சகஜம். கொப்புள நீர் அதில் பட்டால் விரல்நுனி வீங்கிக் கடுக்கும். கரப்பான் உள்ள குழந்தைக்கோ தோல் முழுக்கப் பரவலாம். அப்படிப் பரவினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செய்ய வேண்டியவை

கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள், உடைக்காதீர்கள். மருந்தைப் பஞ்சால் தடவுங்கள். முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். துண்டும் சவரக் கத்தியும் தனியாக இருக்கட்டும். கான்டாக்ட் லென்ஸை எச்சிலால் நனைக்காதீர்கள். புண் ஆறும்வரை பச்சைக் குழந்தைக்கு முத்தம் வேண்டாம். பிறந்த சிசுவின் உயிருக்கே அது ஆபத்து.

கண்ணில் கவனம்

புண்ணைத் தொட்ட கை வழியே கிருமி கண்ணுக்கும் போகலாம். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் ஆழமாகிப் பார்வையே போகலாம். இடுக்கிக்காரர்களுக்குத் தேனியிலும், பாலக்காட்டுக்காரர்களுக்குக் கோவையிலும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

அசைக்ளோவிர் மருந்தைத் தொடக்கத்திலேயே எடுத்தால் புண் சீக்கிரம் ஆறும். கிருமி நரம்பில் தங்கிவிடுவதால் மறுபடியும் வரலாம். 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸின் முதல் வகைக் கிருமி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. மறைத்து வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். புண்ணைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.