தரையிலிருந்து தொடங்க வேண்டிய தூரி

ஆடி பிறந்துவிட்டால் கொங்கு நாட்டில் புளியமரக் கிளைகளுக்கு ஓய்வு கிடையாது. ஊஞ்சலை இங்கே தூரி என்பார்கள். நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, அம்மா வீடு வந்த பெண்கள், விடுமுறையில் திரியும் பையன்கள், மடியில் ஏறிக்கொள்ளும் பொடிசுகள் என்று எல்லோருக்கும் ஒரே தூரிதான். கிணத்துக்கடவு பக்கத்துத் தென்னந்தோப்புகளில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சீறிக்கொண்டு வரும் பருவமும் அதுதான். பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்று கண்ணில் பட, உயர எழும்பி இறங்குவது பெரிய சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் சின்னக் குழந்தைக்கும் வேண்டும். ஆனால் நம் பூங்காக்களிலும் பள்ளிகளிலும் பெரும்பாலும் இருப்பது பெரிய பிள்ளைகளின் ஊஞ்சல். கொஞ்சம் தாழ்த்திக் கட்டிவிட்டால் அது குழந்தைகளின் ஊஞ்சல் ஆகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது, குழந்தையின் உடம்புக் கணக்கே வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 12 கிலோ, உயரம் 87 செ.மீ. அந்த உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவருக்கு அது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. தலை கனமாக இருப்பதால், நிலை தடுமாறும் குழந்தை பெரும்பாலும் தலை முந்தித்தான் விழுகிறது. கை ஊன்றித் தப்பிக்கும் பழக்கமும் அதற்கு இன்னும் வந்திருக்காது.

ஆகவே, குழந்தைக்கான ஊஞ்சலை வடிவமைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, 'விழுந்தால் எதன் மேல் விழும்?' என்பதைத்தான். தரையை முடிவு செய்துவிட்டுப் படிப்படியாக மேலே போக வேண்டும்.

தரை

ஒரு எளிய வகுத்தல் கணக்கு இருக்கிறது. விழும் உயரத்தை, தரையில் பட்ட பிறகு தலை நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரத்தால் வகுத்தால், புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை சராசரியாகத் தாக்குகிறது என்று கிடைக்கும். 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழும் குழந்தை மணிக்கு 21 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடுகிறது. தரை 1 செ.மீ. மட்டுமே அமுங்கினால் தாக்கம் 180 மடங்கு. 6 செ.மீ. அமுங்கினால் 30 மடங்கு. உயரமும் வேகமும் மாறவில்லை. அமுங்கிய அந்த 5 செ.மீ.தான் வித்தியாசம். அமெரிக்கத் தர விதிகள், விளையாட்டுத் தரையில் எந்த நொடியிலும் தாக்கம் 200 மடங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. சராசரியே 180 என்றால் உச்சம் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும்.

நம் ஊரில் செம்மண்ணோ கரிசலோ, பங்குனி வெயிலில் காய்ந்தால் கல்லாகிவிடும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று சிமென்ட் போட்டாலும், பேவர் பிளாக் பதித்தாலும் ஆபத்து இன்னும் கூடும். புல்தரையையும் நம்ப முடியாது. ஊஞ்சலுக்கு நேர் கீழே காலடி பட்டுப் பட்டுப் புல் தேய்ந்து, அந்த இடம்தான் எல்லாவற்றையும்விட இறுகிப்போயிருக்கும்.

ஐரோப்பியத் தர விதி 1176 பரிந்துரைக்கும் மலிவான வழி மணல். 0.2 முதல் 2 மி.மீ. வரையுள்ள மணலை 20 செ.மீ. ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். குழந்தைகள் கால்பட்டு ஒதுங்கிவிடும் என்பதால் மேலும் 10 செ.மீ. சேர்க்க வேண்டும். இங்கே கொங்கு நாட்டுக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. கட்டட வேலைக்கு இப்போது எங்கும் எம்-சாண்ட்தான். உடைத்த கல்லின் மணி கூர்முனை கொண்டது. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நடுவில் மாவு போன்ற தூளும் அடைத்து, ஒரு மழைக்குப் பிறகு கெட்டியாகிவிடும். கட்டடத்துக்கு நல்லதான அந்தக் குணம் விளையாட்டுத் தரைக்கு ஆகாது. தூள் நீங்கக் கழுவிய, உருண்டை மணி கொண்ட மணல்தான் தலைக்குக் கீழே நகர்ந்து வழிவிடும். அதையும் வாரம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறிவிட வேண்டும்.

கிணத்துக்கடவிலிருந்து பொள்ளாச்சி வரை சாலையோரத்தில் தேங்காய் மட்டை குவிந்து கிடக்கிறது. நார் எடுத்த பிறகு மிஞ்சும் நார்க்கழிவு மெத்தென்றிருக்கும். அதையே கொட்டினால் என்ன? தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும் பொருள் அது. மழையில் சொதசொதத்துப் போகும், காய்ந்தால் தூசி பறக்கும். மட்டையைப் பெரிய துண்டுகளாக வெட்டிப் போட்டால் தண்ணீர் வடியும், நடுவே காற்றும் நிற்கும். எவ்வளவு ஆழம் போதும் என்பதை அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும். தலையின் இடத்தில் 4.6 கிலோ எடையுள்ள உலோக அரைக்கோளத்தை, உள்ளே முடுக்கமானி வைத்து உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பதே அதற்கான சோதனை. கோவையின் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள இறுதியாண்டு புராஜெக்ட் கிடைக்காது.

இடம்

அடுத்து, ஊஞ்சலைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற கேள்வி. ஆடுகிற குழந்தைக்கு வரும் ஆபத்தைவிடக் குறுக்கே ஓடி வரும் குழந்தைக்கு வரும் ஆபத்து குறைந்ததல்ல. இதைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம்.

கயிறு நான்கு மடங்கு நீண்டால் ஓர் ஆட்டத்துக்கான நேரம் இரண்டு மடங்கு ஆகும். ஒரே கோணத்துக்கு இழுத்துவிட்டால் அடிப்புள்ளியில் வேகமும் இரண்டு மடங்கு ஆகும். புளியமரத்தில் 4.8 மீட்டர், அதாவது 16 அடிக் கயிற்றில் தூரி கட்டி 45 டிகிரிக்கு ஆட்டினால், போய்வர ஏறக்குறைய 4.4 விநாடி ஆகும். அடிப்புள்ளியில் வேகம் மணிக்கு 19 கி.மீ. பலகை 1.4 மீட்டர் உயரும். அதே கோணத்தில் 1.2 மீட்டர் கயிற்றுக்கு ஏறக்குறைய 2.2 விநாடி, மணிக்கு 9.4 கி.மீ., உயர்வு 35 செ.மீ. மட்டும். குழந்தையின் ஊஞ்சலை இயல்பாகவே மெதுவாக்கும் வழி கயிற்றைக் குட்டையாக்குவதுதான். தள்ளுகிறவர் யாராக இருந்தாலும் இந்த இயற்பியல் காவல் நிற்கும். 'அமுச்சி, இன்னும் வேகமா ஆட்டுங்க' என்று பாட்டியிடம் பேரன் கேட்டாலும் ஓர் அளவுக்கு மேல் வேகம் ஏறாது.

அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1981 முதல் வெளியிட்டுவரும் விளையாட்டுத்திடல் கையேடு இதை விதியாகவே சொல்கிறது. கூடை இருக்கை கொண்ட ஊஞ்சலில், தொங்கும் புள்ளியிலிருந்து இருக்கை வரை உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்கு இடம் முன்னும் பின்னும் காலியாக இருக்க வேண்டும். 1.2 மீட்டர் கயிறு என்றால் முன்னே 2.4, பின்னே 2.4 மீட்டர். பக்கவாட்டில் 1.8 மீட்டர். ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சலுக்கு மேல் மாட்டக் கூடாது. மூன்றாவது இருந்தால், நடு ஊஞ்சலுக்குப் போகும் குழந்தை ஆடும் ஊஞ்சலைக் கடந்துதான் போயாக வேண்டும். பெரிய பிள்ளைகளின் ஊஞ்சலோடு குழந்தை ஊஞ்சலை ஒரே சட்டத்தில் சேர்க்கவும் கூடாது.

இருக்கை

குழந்தைக்கு உகந்தது நான்கு பக்கமும் அடைத்த கூடை இருக்கை. முதுகு, இரு பக்கம், முன்புறம் எல்லாம் தாங்கும். கால் இரண்டும் துளைகளில் இறங்கும். துளையின் அளவு முக்கியம். உடம்பு வழுகி இறங்கிவிட்டுத் தலை மட்டும் மாட்டிக்கொள்ளும் இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது. 9 முதல் 23 செ.மீ. வரையுள்ள திறப்புகளைத் தலை சிக்கும் அபாய அளவு என்று அந்தக் கையேடு வரையறுக்கிறது. சட்டமோ, சுற்றி நிற்கும் கம்பிவேலியோ, அளவுநாடா வைத்து இந்த ஒன்றை யாரும் சோதிக்கலாம்.

இருக்கை கனமாக இருந்தால் உறுதி என்று நாம் நம்புகிறோம். அதனால்தான் இரும்புத் தகடும் தேக்குப் பலகையும் போடுகிறோம். ஆனால் ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் 5 கிலோ பலகை நெற்றியில் பட்டால், 1 கிலோ ரப்பர் இருக்கையைப் போல ஐந்து மடங்கு ஆற்றலோடு அடிக்கும். ரப்பரோ வளையும், பலகை வளையாது. மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் இருக்கை, மழுங்கிய விளிம்பு, இவையே போதும். பழைய டயரில் செய்வதானால் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி எங்கும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அடியில் துளை போட்டுத் தண்ணீர் வடியவிட வேண்டும், இல்லையென்றால் டெங்கு கொசுவுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

எளிதாகக் கையாளவும் வேண்டும். உட்கார்ந்த நிலையில் இருக்கையின் அடிப்புறம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தால், இடுப்பு வலிக்கும் அமுச்சிக்கும் குனிய வேண்டியதில்லை. குழந்தையும் தானாக ஏற முடியாது. ஏற முடியாததும் ஒரு பாதுகாப்புதான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஆட்டம் தொடங்காது. தொங்கும் புள்ளிகள் இருக்கையின் அகலத்தைவிடச் சற்று விரிந்து, குறைந்தது 50 செ.மீ. இடைவெளியில் இருந்தால் ஊஞ்சல் பக்கவாட்டில் கோணாது.

சேலையும் கயிறும்

இந்த இடத்தில் நின்று பேச வேண்டிய ஒரு விஷயம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டுக்குள் இருக்கும் ஊஞ்சல் சேலைத் தொட்டில். கைக்குழந்தை தூங்கக் கட்டியதில் ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள் ஏறி விளையாடி, கழுத்து இறுகி இறந்த செய்தி அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது.

நடப்பது இதுதான். பிள்ளை சேலைக்குள் உட்கார்ந்து காலால் தரையை உந்திச் சுற்றுகிறது. சேலையின் இரு பக்கமும் தலைக்கு மேலே முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கு ஏற ஏறச் சேலை குட்டையாகி, முடிச்சு கீழே இறங்கி வருகிறது. துணியாக விரிந்திருந்தது கயிறாகத் திரள்கிறது. பிள்ளை வழுக்கினாலும் எட்டிப் பார்த்தாலும் கழுத்து அந்த இரண்டு முறுக்குக்கும் நடுவில் போய்விடும். பிறகு உடம்பின் எடையே சுருக்கை இறுக்குகிறது. கழுத்து நரம்போரம் ஓடும் சிரைகள் அடைபட ஏறக்குறைய 2 கிலோ, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் அடைபட ஏறக்குறைய 5 கிலோ அழுத்தம் போதும் என்று தடயவியல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதுவும் பெரியவர்களுக்கான கணக்கு. மூச்சுக்குழல் நசுங்கினால் குரல் வராது. அடுக்களையில் இருக்கும் தாய்க்குச் சத்தமே கேட்காது.

தடுக்கச் செலவில்லை. குழந்தை எழுந்து உட்காரத் தொடங்கியதும் தொட்டிலை நிறுத்திவிட வேண்டும். குழந்தை இல்லாத நேரத்தில் சேலையைச் சுருட்டி, அண்ணன் அக்காவுக்கு எட்டாத உயரத்தில் கட்டிவைக்க வேண்டும். வெளியில் கட்டும் ஊஞ்சலுக்கும் இதே அறிவு பொருந்தும்: ஒற்றைக் கயிறு வேண்டாம், தொங்கும் மிச்சக் கயிறு வேண்டாம், துணி வேண்டாம். நைலான் கயிறு வெயிலில் நைந்துபோகும். சங்கிலி போட்டால் சுண்டுவிரல் நுழையாத கண்ணியாகப் பார்த்து, பிடிக்கும் உயரம் வரை பிளாஸ்டிக் குழாய் மாட்ட வேண்டும். சித்திரை வெயிலில் சூடான இரும்பைக் குழந்தையின் உள்ளங்கை தாங்காது.

தொங்கும் புள்ளி

தலைக்கு மேலே இருப்பதால் யாரும் பார்க்காத பாகம் இது. 1.2 மீட்டர் ஊஞ்சல் நிமிடத்துக்கு 27 முறை ஆடுகிறது. நாளுக்கு 3 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஆடினால் ஏறக்குறைய 15 லட்சம் ஆட்டம். கிணற்றுக் கல்லில் கயிறு பட்டுப் பட்டுப் பள்ளம் விழுவது போல, ஒவ்வோர் ஆட்டத்திலும் வளையமும் கொக்கியும் உரசி ஒன்றையொன்று அரிக்கின்றன. எண்ணெய் காய்ந்த கொக்கியைக் கழற்றிப் பார்த்தால், உட்புறம் பளபளவென்று பிறை வடிவில் தேய்ந்திருப்பது தெரியும். வெளிப்புறம் பெயின்ட்கூட உரிந்திருக்காது.

அங்கே வரும் பாரமும் குழந்தையின் எடை மட்டுமல்ல. 45 டிகிரியிலிருந்து இறங்கும்போது அடிப்புள்ளியில் கயிறு தாங்குவது எடையைப் போல 1.6 மடங்கு. 60 டிகிரி என்றால் இரண்டு மடங்கு. ராத்திரியில் 70 கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்து ஆடத்தான் செய்வார், 140 கிலோ பாரம் வரும். சட்டமும் கொக்கியும் அதையும் தாண்டித் தாங்க வேண்டும். திறந்த கொக்கிக்குப் பதில் மூடிய ஷேக்கிள், உரசும் இடத்தில் மாற்றக்கூடிய புஷ் அல்லது பேரிங் போட வேண்டும். பம்ப்செட்டுக்கும் மில்லுக்கும் பாகம் செய்யும் கோவைப் பட்டறைகளுக்கு இது அரை நாள் வேலை. இங்கிலாந்தில் கெட்டரிங் ஊரில் இயந்திரப் பட்டறை நடத்திய சார்லஸ் விக்ஸ்டீட் தான் 1921-ல் திறந்த பூங்காவுக்கு ஊஞ்சல் செய்யப்போய், அதையே பெருந்தொழிலாக வளர்த்தார். பட்டறைகள் நிறைந்த நம் ஊருக்கும் அது முடியும்.

யார் செய்வது?

வீட்டு ஊஞ்சல், சறுக்குமரம் போன்றவற்றுக்கு இந்தியத் தரம் இருக்கிறது: ஐ.எஸ். 9873-ன் நான்காம் பாகம். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கடையில் வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பூங்காவிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் நிறுவும் ஊஞ்சலுக்கு, வாங்குகிறவர்தான் கேள்வி கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கூடை இருக்கை ஊஞ்சல் யாருக்குத் தேவையோ அந்த வயதுக் குழந்தைகள் தினமும் வந்து உட்காருவது அங்கேதான்.

பேரூராட்சி டெண்டரோ, பள்ளி மேலாண்மைக் குழு வாங்கும் கொட்டேஷனோ, ஊஞ்சலின் விலைக்கு முந்தைய வரியில் தரை இருக்க வேண்டும்: எத்தனை செ.மீ. ஆழம், என்ன மணல், சுற்றிலும் எத்தனை மீட்டர், கிளறுவது யார், கொக்கியைக் கழற்றிப் பார்ப்பது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை. அந்த வரிக்குப் பணம் இல்லையென்றால், இந்த ஆண்டு மணலைக் கொட்டுவோம். குழந்தைகள் அதில் வீடு கட்டி விளையாடட்டும். ஊஞ்சலை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்.