தவழாத பிள்ளையும் நடக்கும்

பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் வைபவமொன்றிற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். தலைமேற் பிடித்த வெள்ளைத் துணியிற் கொழுக்கட்டைகள் சொரிய, குழந்தையோ முன்னே பரப்பியிருந்த ஏட்டையும் எழுதுகோலையும் நகையையும் ஒதுக்கிவிட்டு, உருண்டு வந்த கொழுக்கட்டையொன்றையே எட்டிப் பிடித்தது. யாவரும் நகைத்தோம், தாயார் மட்டும் நகைக்கவில்லை. "பத்து மாதமாகியும் இவன் தவழவில்லையே, மாமி! அடுத்த வீட்டுப் பிள்ளை எட்டிலேயே தவழ்ந்துவிட்டது" என்று அவர் அருகிலிருந்த மூதாட்டியாரிடம் முறையிட்டார்.

மாதத்தை எண்ணும் வழக்கம் எமக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைக்கும், ஒன்பதாம் மாதத்தைக் கைகொட்டும் சப்பாணிக்கும் உரியதாக்கினர். ஆயினும் எந்தப் பிள்ளையும் இலக்கணம் படித்துவிட்டுப் பிறப்பதில்லை!

உலக சுகாதார ஸ்தாபனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளை அவதானித்து, 2006ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டது. துணையின்றி உட்காருதல் ஏறத்தாழ 4 மாதத்திலும் நிகழலாம்; 9 மாதம் கடந்தும் நிகழலாம். தனித்து நடத்தலோ 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிந்து கிடக்கின்றது. அக்குழந்தைகளுள் நூற்றுக்கு நால்வருக்குச் சற்று மேற்பட்டோர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவேயில்லை. இருந்தபடியே அரக்கி அரக்கிச் செல்லும் பிள்ளைகளை நாமும் கண்டதுண்டு. அவை நடப்பதற்குச் சற்றுத் தாமதிப்பதும் உண்டு.

அவசரப்பட்டுச் சில்லுப் பூட்டிய வண்டியிற் குழந்தையை இருத்துவதால் நடை விரைந்து வருவதில்லை, விபத்துத்தான் வரும். கனடா 2004ஆம் ஆண்டிலே அவ்வண்டியின் விற்பனையைத் தடைசெய்தது. விழித்திருக்கும் வேளையிற் பாயிலே குப்புற விட்டு, அருகிருந்து பார்த்துக்கொள்வதே போதும்.

எனினும், பொறுத்திருத்தல் எல்லாவற்றிற்கும் பொருந்தாது. மூன்று மாதமாகியும் முகம்பார்த்துச் சிரியாத குழந்தை, ஓசை கேட்டுத் திரும்பாத குழந்தை, ஒரு வயதுக்கு முன்னரே ஒரு கையை மாத்திரம் பாவிக்கும் குழந்தை, பதினெட்டு மாதமாகியும் நடவாத குழந்தை ஆகியவற்றை வைத்தியரிடம் காட்டவேண்டும். கற்ற சொல்லையோ செயலையோ குழந்தை இழக்குமாயின் ஒரு நாளேனும் தாமதித்தலாகாது. "தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்" என்னும் ஆறுதல் மொழியால் எத்தனையோ செவிப்புலக் குறைகள் காலங்கடந்தே அறியப்படுகின்றன.

அந்த மூதாட்டியார் முன்னாளில் மருத்துவமாதாகப் பணிபுரிந்தவர். தாயாரின் முறைப்பாட்டை முழுதுங் கேட்டபின் ஒன்றே வினவினார்.

"பிள்ளை நாளுக்குப் பிறந்ததோ?"

"இல்லை, மாமி. இரண்டு மாதம் முந்திவிட்டது."

"முந்திப் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரையும் அந்த மாதங்களைக் கழித்தல்லவோ பார்க்கவேண்டும்? அப்படியானால் இவனுக்கும் இன்று எட்டு மாதந்தானே, மகள்!"

தாயார் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். குழந்தையோ அதற்குள் இரண்டாவது கொழுக்கட்டையை நாடிக் குப்புற விழுந்துகொண்டிருந்தது.