வாடகை வீட்டுக் கொல்லையைக் காப்பது யார்?

நிலத்தோடு பக்கத்து நகரில் ஒரு பழைய வீடும் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தோட்டத்திலேயே குடியிருப்பார்கள். வாடகை மாதாமாதம் வந்துவிடும். கொல்லைப்புறத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கும். பாடுபட்டு வளர்த்த தென்னையின் குருத்து ஒடிந்து தொங்கும்.

நட்டம் எப்படி வருகிறது?

மக்கிய குப்பையிலும், வெட்டிப் போட்ட தென்னந்தடியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. வளர்ந்த வண்டு மரத்தின் குருத்தைக் குடைந்து தின்னும். பிறகு விரியும் ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டியது போல் இருக்கும். இளங்கன்றாக இருந்தால் பட்டே போகலாம். கேட்பாரற்றுக் கிடக்கும் சிரட்டையில் தேங்கும் மழைநீரோ டெங்குக் கொசுவை வளர்க்கும். அந்தத் துன்பம் குடியிருப்பவருக்கே.

குடியிருப்பவர் மீது மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காய் முழுவதையும் உரிமையாளரே பறித்துச் சென்றால், மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற அவருக்கு மனம் வராது. பறிப்பில் ஒரு பங்கை அவருக்கு விட்டுக் கொடுப்பது நல்லது.

வேலைப் பங்கீடு

குடியிருப்பவர் செய்ய வேண்டியவை: மரங்களுக்குத் தண்ணீர் விடுதல், வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கொட்டுதல், பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே கையுறை அணிந்து வேரோடு பிடுங்குதல்.

உரிமையாளர் செய்ய வேண்டியவை: பட்ட மரங்களை அப்புறப்படுத்துதல், எருக்குழியைக் கிளறி வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி அழித்தல். ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுடன் இரண்டு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம், உள்ளடுக்கு மட்டைகள் மூன்றின் இடுக்குகளில் இடவேண்டும். உரச் செலவும் அவருடையதே. காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ தேவை. ரசாயன உரங்களை ஆனி - ஆடியிலும் மார்கழி - தையிலுமாக இரண்டாகப் பிரித்து, வட்டப்பாத்தியில் இடலாம்.

எழுத்தில் இருக்கட்டும்

நகர்ப்பகுதி வாடகைக்கென்று தமிழகத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், குடியிருப்பவர் பயன்படுத்தும் தோட்டத்தையும் திறந்தவெளியையும் பராமரிப்பது அவர் பொறுப்பே. எனவே மரங்களின் எண்ணிக்கை, யார் எந்த வேலையைச் செய்வது, காயில் யாருக்கு எவ்வளவு என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டை ஒப்படைக்கும் நாளில் கொல்லையைப் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

குறை கண்டால் முதலில் நேரில் எடுத்துச் சொல்லலாம். பார்வையிடச் செல்வதற்கு 24 மணி நேரம் முன்பாகவே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகும் செய்யாவிட்டால், கூலி கொடுத்துச் செய்வித்து முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம், ரசீது அவசியம். கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பது சட்டப்படி கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காய் பறிக்கும் நாளிலாவது உரிமையாளர் கொல்லையைச் சுற்றி வரவேண்டும். வண்டு விழுந்த மரத்தை அன்றே கண்டுகொண்டால் காப்பாற்றிவிடலாம்.