மௌனமாகி வரும் கிதார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியிலே அமெரிக்க நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள், வரவேற்பறையில் அமர்ந்து நாலைந்து விருந்தினருக்கு மாத்திரம் கேட்கும்படி மிருதுவாக மீட்டி வந்த, ஆட்டுக்குடல் நரம்பு பூட்டிய கிதார், நூறாண்டு கழித்துப் பெற்றோர் அஞ்சும் கலகக்காரனாக உருவெடுத்ததற்கு, வாசித்தவர்களின் மனோபாவத்தைவிடக் காந்தமும் செம்புக் கம்பியுமே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நடனக் குழுக்களின் எக்காளங்களுக்கும் முரசுகளுக்கும் நடுவே கிதார் வாசிப்பவருக்கே தம் வாத்தியம் கேட்காமல் போன சங்கடத்துக்குப் பரிகாரமாக, 1930-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கிதாரில் காந்தத்தைப் பொருத்தினார்கள். எஃகுத் தந்தி அதிர, காந்தப் புலம் கலைய, கம்பிச் சுருளில் மின்சாரம் பிறந்தது. 1950 வாக்கில் உள்குடைவற்ற கட்டை உடலும் கடைக்கு வந்தது.

ஆனால் ஓசை பெரிதானது மட்டுமே கதையன்று. 1964-இல் லண்டன் இளைஞர் ஒருவர், சாதுவான ஒலியில் சலிப்புற்று, தம் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைச் சவர பிளேடால் கீறிவிட்டு, கிழிந்த காகிதம் படபடத்து எழுப்பிய கரகரப்பையே இசைத்தட்டில் பதிவு செய்தார். பொறியாளர் பழுதென்று ஒதுக்கும் ஒலி, ஒரு தலைமுறையின் கோபத்துக்குக் குரலாயிற்று. மறு ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவிலே, மரக்கிதாரையே எளிய மக்களின் சத்தியமாகப் பாவித்த ரசிகர்களில் ஒரு சாரார், மேடையேறிய மின்கிதாரைக் கண்டு கூச்சலிட்டார்கள். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழாத் திடலிலோ, வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், அமெரிக்கத் தேசிய கீதமே மின்கிதாரின் வழியாகக் குண்டு விழும் ஓசையோடும் ஓலத்தோடும் வெளிப்பட்டது. சொல் ஒன்றுமின்றி நடந்த அந்த விசாரணைக்கு நிகராக வேறொன்றை நான் அறியேன்.

இன்று அந்தக் கிழிந்த கூம்பின் கரகரப்பைக் கணினி நிரல் கணக்கிட்டு வழங்குகிறது. வாசிப்பவனோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியறையில் இருக்கிறான். அண்டை வீட்டார் உறக்கம் கெடவில்லை, கையில் காசில்லாத மாணவனுக்கும் பயிற்சி கிட்டுகிறது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எனினும், ஆட்சேபிக்கவும் ஆளில்லாத இடத்தில் கலகத்துக்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்? சுவருக்கு அப்பால் கேட்டுக் கேட்டே வாத்தியத்தின்மேல் ஆசை கொள்ளும் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு இனி அந்த ஆசை எங்கிருந்து வரும்? தாளம் பிசகியவனை உடன் வாசிப்பவன் ஒரு பார்வையாலேயே இழுத்து நிறுத்தும் பழக்கத்தை எந்த நிரல் கற்பிக்கும்? இந்தக் கவலைதான் சில காலமாக என்னை விடாமல் வாட்டுகிறது.