ஓவர் கொடுக்கும் நேரத்துச் சண்டை

அரசு மருத்துவமனையில் நாலு நாள் துணைக்கு இருந்துவிட்டு வருகிறவர்கள் தவறாமல் சொல்லும் புகார் ஒன்று உண்டு. "சிஸ்டருங்களுக்குள்ளயே ஒத்துப்போகல சார், எப்பப் பாரு சண்டை." டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். அந்தச் சண்டை எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-ல் வந்தது. ஜிஎஸ்டி சாலையில் அடிபட்டவர், மாமல்லபுரம் பக்கம் ஈசிஆரில் பைக்கிலிருந்து விழுந்தவர், சுற்றுப்பட்டு ஊர்களின் சிக்கலான பிரசவம் என்று எல்லாம் வந்து சேர்வது அதன் மருத்துவமனைக்குத்தான். அங்கே என்றில்லை, இப்படிக் கூட்டம் தாங்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் ஷிப்ட் மாறும் நேரத்தைப் பாருங்கள். போகிறவர் கட்டில் கட்டிலாக நடந்து ஓவர் கொடுக்க வேண்டும்: யாருக்கு எந்த மருந்து போயிற்று, யாருக்குச் சிறுநீர் குறைந்திருக்கிறது, யாரைத் தியேட்டருக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் சாமான் கணக்கு. பிபி கருவி, கத்தரிக்கோல், எமர்ஜென்சி ட்ரேயில் இருக்கிற ஊசி மருந்துகள். ஒன்று குறைந்தாலும் வருகிறவர் கையெழுத்துப் போடத் தயங்குவார். போகிறவருக்கு பஸ் போய்விடும். அந்த நேரம் பார்த்து ஒரு கட்டிலில் டிரிப் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறியிருக்கும்.

"இதக்கூடப் பாக்காம என்னக்கா பண்ணீங்க?"

"நீ நைட்ல தனியா நின்னு பாரு, தெரியும்."

துணைக்கு இருப்பவர் காதில் விழுவது இந்த இரண்டு வரிதான். அந்த நைட்டில் அவர் எத்தனை பேருக்கு ஒற்றை ஆளாக நின்றார் என்பது தெரியாது.

கணக்கு ஒன்று இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற ஆஸ்பத்திரிகளின் பொது வார்டில் 5 பேருக்கு ஒருவர், விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக இன்னும் 30 சதவீதம் பேர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அந்த 30 சதவீதம் முக்கியம். அது இல்லாத இடத்தில் ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தியின் டியூட்டி ஆஃப் போகும். கோபம் யார் மேல் வரும்? பணியிடம் நிரப்பாத அரசு மேலா? லீவு போட்டவள் மேல்தான் வரும்.

2002-ல் லிண்டா எய்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்தது. ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால், அவர் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடியது. கலிபோர்னியா 2004 முதல் ஆள் கணக்கைச் சட்டமாகவே அமல்படுத்திவிட்டது.

இந்தச் சோர்வு தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை. கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இதை மூன்றாகப் பிரித்தார்: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, நாம் செய்வதில் பலனே இல்லை என்று தோன்றுவது. 'பாட்டிம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் 'எட்டாம் நம்பர்' என்கிறார் பாருங்கள், அது இரண்டாவது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தில் சமாளிக்கப்படாத நெருக்கடியின் விளைவு என்றது. செவிலியர்களை உட்கார வைத்து யோகா வகுப்பு எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

நம் ஊரில் இன்னொரு விரிசலும் உண்டு. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்; இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற வாக்கு. அந்த வாக்கைக் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்தார்கள். ஊதியம் படிப்படியாக ஏறியது, நிரந்தரம் எல்லோருக்கும் வரவில்லை. 2025 டிசம்பரிலும் போராட்டம், அது செங்கல்பட்டு மாவட்டத்துக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வரை வந்தது. கோவிட் காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-தான் கடைசி நாள் என்றார்கள்.

ஒரே வார்டு, ஒரே ஊசி, ஒரே நைட். ஒருவர் சம்பளம் இன்னொருவருடையதைப் போலப் பல மடங்கு. டியூட்டி சார்ட் போடும்போது மறுத்துப் பேசும் தைரியம் ஒருவருக்கு இருக்கும், மற்றவருக்கு இருக்காது. சீனியர் அக்கா கொடுமைக்காரி என்று சின்னவள் நினைப்பாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலைக்கு உடம்பு வணங்கவில்லை என்று அக்கா நினைப்பார். இரண்டு பேர் சொல்வதும் முழு உண்மை இல்லை.

அந்தக் கோவிட் காலத்தில், 2021 மே 4 இரவு செங்கல்பட்டு மருத்துவமனையில் நோயாளிகள் பத்துக்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணம் என்றார்கள் உறவினர்கள், அதிகாரிகள் மறுத்தார்கள். அதிகாரி மறுநாள் பேசலாம். கட்டிலருகே நிற்பவர் அந்த நிமிடமே பதில் சொல்ல வேண்டும். அப்படி ஒரு இரவு முடிந்த பிறகு "வாங்க, முதல்ல டீ குடிங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் இருந்தால் ஆள் தாங்கும். அந்தச் சிஸ்டரும் தனியாக நின்றுகொண்டிருந்தால் அந்த ஒரு வார்த்தை சொல்லக்கூட நேரம் இருக்காது.

அதனால் அடுத்த முறை சண்டையைக் கேட்டால் புகார்ப் பெட்டியைத் தேடாதீர்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு எழுதுங்கள்: அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, நைட் ஷிப்டில் ஒரு வார்டுக்கு எத்தனை பேர்? 30 நாளில் பதில் தர வேண்டும்.